கார் டோர் ஸ்பீக்கர் சீக்கிரம் கிழிவது ஏன்? கிராஸ்ஓவரை எத்தனை ஹெர்ட்ஸில் வைக்கணும்?

ராயபுரத்தில் இருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் போனால், காருக்கு முன்னாலும் பின்னாலும் கன்டெய்னர் லாரிகள்தான். டீசல் இன்ஜின் உறுமலும் டயர் இரைச்சலும் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண் ஒலிகள். பாட்டின் பேஸும் அதே பகுதியில் இருப்பதால், காருக்குள் முதலில் அமுங்கிப் போவது பேஸ்தான். 'பேஸே கேட்கலையே' என்று பேஸையும் வால்யூமையும் ஏற்றிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் டோர் ஸ்பீக்கர் கரகரக்கத் தொடங்கும். புது ஸ்பீக்கர் வாங்கும் முன் கிராஸ்ஓவர் செட்டிங்கைப் பார்ப்பது நல்லது.

கிராஸ்ஓவர் என்றால் என்ன?

எந்த ஒலி எந்த ஸ்பீக்கருக்குப் போகணும் என்று பிரித்து அனுப்புவதுதான் கிராஸ்ஓவர். 'ஹை பாஸ்' வைத்த எண்ணுக்குக் கீழே உள்ள ஒலியைக் குறைக்கும். 'லோ பாஸ்' அதற்கு மேலே உள்ளதைக் குறைக்கும்.

ஸ்பீக்கர் ஏன் கிழிகிறது?

அதிர்வெண் பாதியானால், அதே அளவு சத்தம் கொடுக்க ஸ்பீக்கர் கோன் 4 மடங்கு தூரம் அசைய வேண்டும். 80 ஹெர்ட்ஸில் 1 மி.மீ. அசைவது, 40 ஹெர்ட்ஸில் 4 மி.மீ. அசையணும். கதவில் உள்ள ஆறரை இன்ச் ஸ்பீக்கர் இதை ரொம்ப நேரம் தாங்காது.

எதை எவ்வளவு வைக்கலாம்?

* முதலில் பேஸ் பூஸ்ட், லவுட்னஸ் இரண்டையும் ஆஃப் செய்யவும்.
* சப்வூஃபர் இருந்தால்: டோர் ஸ்பீக்கருக்கு ஹை பாஸ் 80, சப்வூஃபருக்கு லோ பாஸ் 80 ஹெர்ட்ஸ். ஸ்லோப் 12 டெசிபல் என்று தொடங்கலாம்.
* சப்வூஃபர் இல்லையென்றால்: ஹை பாஸ் 50 முதல் 60 ஹெர்ட்ஸ்.
* 4 இன்ச் ஸ்பீக்கர் என்றால்: 100 முதல் 120 ஹெர்ட்ஸ்.
* ஆம்ப்ளிஃபயரில் கிராஸ்ஓவர் போட்டால், அதே ஸ்பீக்கருக்கு செட்டில் உள்ளதை ஆஃப் செய்யவும். இரண்டும் ஓடினால் ஒலி தேவைக்கு மேல் வெட்டுப்படும்.
* சப்வூஃபர் ஃபேஸ் சுவிட்சை 0, 180 என மாற்றிப் பார்த்து, டிரைவர் சீட்டில் பேஸ் அதிகம் கேட்கும் பக்கம் விடவும்.

வழக்கமாகக் கேட்கும் சத்தத்தில் பறையோ டிரம்ஸோ அதிகம் உள்ள பாட்டைப் போட்டுப் பாருங்கள். டோர் ஸ்பீக்கர் கரகரத்தால் ஹை பாஸை அடுத்த எண்ணுக்கு ஏற்றவும். ட்வீட்டரை மட்டும் அதன் ஃபில்டர் இல்லாமல் நேரடியாக மாட்டவே கூடாது, எரிந்துவிடும்.

காதுக்கும் இதுதான் பாதுகாப்பு

85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம்தான் வரம்பு, ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும் என்பது அமெரிக்கத் தொழில் சுகாதார ஆய்வு நிறுவனமான நியோஷின் பரிந்துரை. அதாவது 88 டெசிபலில் 4 மணி நேரம்தான். நாள் முழுக்க வண்டி ஓட்டுபவர்கள் இதைக் கவனிக்கணும். டோர் ஸ்பீக்கரில் இருந்து பேஸை இறக்கிவிட்டால் பாடகரின் குரல் தெளிவாகும். வால்யூமைக் குறைத்தே கேட்கலாம், பக்கத்து லாரியின் ஹாரனும் காதில் விழும்.