சக்கரத்தின் பேரிங்கை நாமே மாற்றலாமா?

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசிச் சாலைகளில் வண்டிகள் பெருகிவிடும் என்பதை யாவரும் அறிவர். பாவூர்சத்திரத்துக் காய்கறியும் புளியங்குடி எலுமிச்சையும் செங்கோட்டை, ஆரியங்காவு வழியாக மலையேறிக் கேரளம் செல்கின்றன. அங்கத்தினர் பலர் சொந்தமாகக் காரோ சிறு சரக்கு வண்டியோ வைத்திருக்கின்றனர். அவ்வண்டியின் சக்கரம் ஒருநாள் வண்டு போல் முரலத் தொடங்கினால், "பட்டறைக்குக் கூலி கொடுப்பதா, நாமே கழற்றிப் பார்ப்பதா?" என்னும் கேள்வி எழுவது இயல்பே.

கடையாணியைப் பிடுங்கிச் சக்கரத்தை இறக்கி, அச்சுக்கு மையிட்டு மாட்டுவண்டி ஓட்டிய மரபினர் நாம். பேரிங்கும் நமக்கு அந்நியமன்று. 1898இல் கூம்புருளைப் பேரிங்குக்குக் காப்புரிமை பெற்ற அமெரிக்கரான ஹென்றி டிம்கன் குதிரை வண்டி செய்பவர். 1907இல் தானே நேர்ப்படும் குண்டுப் பேரிங்கைக் கண்டவர், ஸ்வீடன் நாட்டு ஜவுளி ஆலையொன்றில் பணியாற்றிய ஸ்வென் விங்குவிஸ்ட். ஆயினும் பழக்கம் வேறு, பக்குவம் வேறு.

முதலில் நோயை அறிதல் வேண்டும். வேகத்தோடு ஏறி இறங்கும் முரலொலி, வலப்புறம் திரும்புகையில் மிகுந்தால் இடச்சக்கரத்தை ஐயுறலாம். திரும்பும்போது பாரம் வெளிப்பக்கச் சக்கரத்தின்மீது சாய்வதே காரணம். தேய்ந்த டயரும் இவ்வாறே ஒலிக்கும். ஆகவே முன் டயரையும் பின் டயரையும் இடம் மாற்றிப் பார்க்க; ஒலியும் உடன் இடம் மாறினால் குற்றம் டயருடையது. பின்னர் ஜாக்கியால் தூக்கித் தாங்கியின்மேல் நிறுத்தி, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுக. ஆட்டம் கண்டாலும், சுழற்றுகையில் கரகரத்தாலும் பேரிங்கை ஐயுறலாம்.

அடுத்து, வண்டியில் உள்ளது எவ்வகை என்று காண வேண்டும். ஹப்பினுள் இரண்டு கூம்புருளைப் பேரிங்குகள் தனித்தனியே அமைந்த பழைய முறையாயின், கற்றுத் தேர்ந்த கை வீட்டிலேயே செய்யலாம். மண்ணெண்ணெயில் கழுவி, உலர்த்தி, உருளும் தடத்தில் குழி விழுந்திருக்கிறதா என்று நோக்கி, கிரீஸ் அடைத்து, புதிய சீலும் புதிய பிளவு ஆணியும் இடவேண்டும். நட்டை மிக இறுக்கினால் பேரிங் சூடேறிக் கருகும். தளர விட்டால் சக்கரம் ஆடும்.

முற்றிலும் மூடப்பட்டு, அழுத்தி நுழைக்கப்பட்ட பேரிங்காயின் கதை வேறு. அதனைக் கழற்றவும் பொருத்தவும் டன் கணக்கில் அழுத்தம் தரும் பிரஸ் தேவை. சுத்தியலால் தட்டினாலோ, உள்வளையத்தைத் தள்ளி வெளிவளையத்தைக் கூட்டினுள் நுழைத்தாலோ, குண்டுகள் தடத்தைப் பள்ளமாக்கிவிடும். புதிய பேரிங்கும் விரைவில் முரலும். பிரேக்குக்கான ஏ.பி.எஸ். கருவி உள்ள சில வண்டிகளில் பேரிங்கின் ஒரு பக்கத்தில் காந்த வளையம் உண்டு. பக்கம் மாறிப் பொருத்தினால் அக்கருவி வேலை செய்யாது. போல்ட்டால் பூட்டும் முழு ஹப்பாயின் வேலை எளிது. எனினும் நட்டை வண்டிக் கையேடு சொல்லும் அளவுக்கே டார்க் ரெஞ்சினால் இறுக்க வேண்டும்.

ஆகவே நம்மை நாமே கேட்க வேண்டியவை மூன்று. நம்மிடம் உள்ளது எவ்வகைப் பேரிங்? அதற்குரிய கருவி உண்டா? முன்பு ஒருமுறையேனும் தேர்ந்தவர் அருகிருந்து செய்ததுண்டா? மூன்றுக்கும் தெளிவான விடை கிடைத்தாலன்றி ஸ்பேனரைத் தொடாதிருப்பதே நன்று. மிச்சமாவது ஒருநாள் கூலி. பணயமாவதோ ஆரியங்காவு இறக்கத்தில் பாரத்தோடு இறங்கும் வண்டியும், அதிலுள்ள உயிர்களும், எதிரே வருவோரும்.

நடுவழியும் ஒன்றுண்டு. நோயை நாமே கண்டறிந்து, நல்ல பேரிங்கை நாமே வாங்கி, அழுத்தும் வேலையை மட்டும் பட்டறையில் விடலாம். ஒருவரால் வாங்க இயலாத பிரஸ்ஸையும் டார்க் ரெஞ்சையும் பத்துப் பேர் சேர்ந்தால் வாங்கிவிடலாம். தேர்ந்த மெக்கானிக் ஒருவரைக் கொண்டு கற்றுக்கொள்ளவும் செய்யலாம். தனியொருவரால் ஆகாததைக் கூடி முடிப்பதன்றோ கூட்டுறவு? சாரல் காலத்திற்கு முன்பே ஒவ்வொரு அங்கத்தினரும் தம் வண்டியின் நான்கு சக்கரங்களையும் ஒருமுறை ஆட்டிப் பார்ப்பாராக.