தற்செயலின் ஒழுங்கு

மழைத்துளி இன்ன இடத்தில்தான் விழும் என்று முன்கூட்டியே உரைக்க வல்லார் எவரும் இலர். ஆயினும், முற்றத்தில் 100 ஓடுகளை நெருக்கமாகப் பரப்பி வைத்து, அவற்றின்மீது 100 துளிகள் விழுந்தபின், துளி படாத ஓடுகள் எத்தனை எஞ்சும் என்பதை வீட்டினுள் இருந்தவாறே ஏறக்குறையச் சொல்லிவிடலாம். நூறு ஓடுகளுக்கு நூறு துளிகள். ஆதலின் ஓட்டுக்கு ஒன்றாக எல்லாம் நனைந்துவிடும் என்று எண்ணத் தோன்றும். உண்மை அதுவன்று. ஏறத்தாழ 37 ஓடுகளில் ஒரு துளியும் இராது.

இதன் காரணம் எளிது. ஏதேனும் ஓர் ஓட்டை மட்டும் நோக்குவோம். முதல் துளி அதன்மீது படாமல் வேறிடம் செல்வதற்கு 100-க்கு 99 வாய்ப்பு உண்டு. இரண்டாம் துளிக்கும் அவ்வாறே. முன்னது எங்கு விழுந்தது என்பதைப் பின்னது அறியாது அன்றோ? ஆகவே 0.99 என்னும் எண்ணை 100 முறை எழுதிப் பெருக்கினால், 0.37-க்குச் சற்றே குறைந்த விடை கிடைக்கும். இவ்வாறே மேலும் கணக்கிட்டால், 37 ஓடுகளில் ஒரு துளியும், 18 ஓடுகளில் இரண்டும், 6 ஓடுகளில் மூன்றும், எஞ்சிய இரண்டில் நான்கோ அதற்கு மேலோ இருத்தல் வேண்டும் என்பது புலனாகும். இதில் ஐயமுறும் மாணவர், 1 முதல் 100 வரை எண்ணிட்ட சீட்டுகளை ஒரு குடத்தில் இட்டுக் குலுக்கி, ஒன்றை எடுத்துக் குறித்துக்கொண்டு மீண்டும் உள்ளே இட்டு, 100 முறை எடுத்துப் பார்ப்பாராக.

நிகழ்ச்சிகள் இவ்வாறு பங்கிட்டு அமையும் முறையைக் கணித நூலார் ‘பரவல்’ என்பர். நேர்வதற்கான வாய்ப்போ மிகக் குறைவு, நேரக்கூடிய தருணங்களோ மிகப் பல, ஒன்று மற்றொன்றைத் தூண்டுவதும் இல்லை, தடுப்பதும் இல்லை என்னும் நிலையில் இப்பரவல் தோன்றும். பிரெஞ்சுக் கணித அறிஞர் பாய்சான் 1837-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதனை விளக்கினார். அதனால் இது பாய்சான் பரவல் எனப் பெயர் பெற்றது. சராசரி எவ்வளவு என்பது ஒன்று தெரிந்தால் போதும். மற்றவற்றை இது கூறிவிடும்.

1898-ஆம் ஆண்டில் போர்ட்கியேவிச் என்பார், பிரஷ்ய நாட்டுப் படையில் குதிரை உதைத்து இறந்த வீரர்களின் கணக்கை ஆராய்ந்தார். பத்துப் படைப்பிரிவுகளின் இருபது ஆண்டுக் கணக்கில் 122 சாவுகள் இருந்தன. ஒருவரும் இறவாத ஆண்டுகள், பிரிவுவாரியாக எண்ணினால், 200-க்கு 109. பாய்சான் பரவல் கூறுவதும் 109-தான். ஒரு பிரிவில் ஓர் ஆண்டில் நால்வர் இறந்திருந்தால் அதன் தலைவரைக் குறைகூற நாம் விரைவோம். ஆனால், எவர் மீதும் பிழையில்லாத போதும், அத்தகைய ஆண்டு ஒன்று அக்கணக்கில் எதிர்பார்க்கத் தக்கதே.

இதனினும் பெரியதொரு சோதனை இலண்டன் மாநகரில் நேர்ந்தது. 1944-ஆம் ஆண்டு ஜூன் 13-ஆம் நாள் முதல் செர்மானியர் ஆளில்லாப் பறக்கும் குண்டுகளை அந்நகரின்மீது ஏவினர். அவற்றின் இரைச்சல் வானில் கேட்கும்; திடீரென அடங்கும்; அடங்கிய சில நொடிகளில் வெடி. சில பகுதிகளில் குண்டுகள் மீண்டும் மீண்டும் விழுந்தன. சில பகுதிகள் தப்பின. பகைவன் இடம் பார்த்துக் குறிவைக்கின்றான் என மக்கள் கருதினர். அஃது உண்மையாயின், பல குண்டுகள் விழுந்த தெருவினர் அங்கிருந்து பெயர்ந்து செல்வதே அறிவுடைமை. பொய்யாயின், அடுத்த தெருவும் அதே அளவு ஆபத்தானதே.

காப்பீட்டுக் கணக்கறிஞர் கிளார்க் என்பவர் 1946-இல் இதற்கு விடை கண்டார். தென் இலண்டனில் 144 சதுரக் கிலோமீட்டர் பரப்பை, கால் சதுரக் கிலோமீட்டர் அளவுள்ள 576 கட்டங்களாகப் பகுத்து, அவற்றில் விழுந்த 537 குண்டுகளையும் எண்ணினார். ஒன்றும் விழாத கட்டங்கள் 229. பரவல் கூறியது 227. ஒன்று விழுந்தவை 211, கூறியதும் 211. இரண்டு விழுந்தவை 93, கூறியது 99. மூன்று விழுந்தவை 35, கூறியது 31. நான்கு விழுந்தவை 7, கூறியதும் 7. குண்டுகள் நகரை நோக்கி ஏவப்பட்டவையே. ஆயினும் தெருவைத் தேர்ந்து தாக்கும் திறன் அவற்றுக்கு இல்லை என்பது தெளிவாயிற்று. தற்செயல் என்றாலே எங்கும் சமமாகப் பரவும் என்று நம் மனம் நம்பிவிடுகிறது. மெய்யாகவே கட்டத்துக்கு ஒன்றாக விழுந்திருந்தால்தான் ஐயுற்றிருக்க வேண்டும்!

தொலைபேசி நிலையத்திற்கு வரும் அழைப்புகளும் இவ்வாறே அமைகின்றன என்பதைக் கோபன்ஹேகன் நகரில் எர்லாங் என்பவர் 1909-இல் காட்டினார். நிமிடத்துக்குச் சராசரி இரண்டு அழைப்புகள் எனக் கொண்டால், ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 8 நிமிடங்கள் வெறுமையாய்க் கழியும்; 3 நிமிடங்களில் ஐந்தோ அதற்கு மேலோ வந்து குவியும். சராசரியை மட்டும் கருதி ஆள் அமர்த்துவோர் அம்மூன்று நிமிடங்களில் திணறுவர்.

ஆனால், ஒரு நிகழ்ச்சி மற்றொன்றைத் தூண்டுமாயின், அல்லது பலவற்றுக்கும் பொதுக் காரணம் ஒன்று இருக்குமாயின், இக்கணக்கு பொருந்தாது. அப்பொருந்தாமையும் பயன் தருவதே. 1854-ஆம் ஆண்டில் அதே இலண்டனில், பிராடு தெருவைச் சுற்றிப் பத்து நாள்களுக்குள் 500-க்கு மேற்பட்டோர் வாந்திபேதியால் மாண்டனர். மருத்துவர் ஜான் ஸ்னோ, இறந்தோரின் வீடுகளை வரைபடத்தில் குறித்தார். அவை பாய்சான் பரவல்போல் சிதறிக் கிடக்கவில்லை. ஒரு நீரேற்றுக் குழாயைச் சூழ்ந்து நெருங்கி நின்றன. அத்தெருவிலேயே இருந்த மதுவடிப்புச் சாலையில் 70-க்கு மேற்பட்ட தொழிலாளர் இருந்தும் அவருள் ஒருவரும் இறந்திலர். அவர்கள் அக்குழாயின் நீரைப் பருகுவதில்லை. அச்சாலைக்குத் தனிக் கிணறு இருந்தது. நோயின் வேகம் அதற்குள் தணியத் தொடங்கியிருந்ததெனினும், ஸ்னோவின் சொற்கேட்டு, செப்டம்பர் 8-ஆம் நாள் அக்குழாயின் கைப்பிடியைக் கழற்றிவிட்டனர்.