மடை திறப்பவரும் மடை அடைப்பவரும்

ராசிபுரம் பக்கத்தில் கல்யாணப் படம் எடுக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “பழைய ஃபிலிம் கேமரா மாதிரியே டயல்களோடு வருகிற மிரர்லெஸ் கேமரா வாங்கலாம் என்றிருக்கிறேன். அப்பாவிடம் இருக்கும் நிக்கான் எஃப்.எம்.2 போலவே கையில் உட்காருகிறது. ஆனால் அந்த வகைக் கேமராவில் நண்பர் மண்டபத்தில் எடுத்த படங்களில் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழுந்திருக்கின்றன. ஏன்?”

வாங்கலாமா என்ற கேள்வியைவிட அந்தப் பட்டைகள்தான் என்னைப் பிடித்துக்கொண்டன. பழைய கேமராவுக்கும் பழைய தோற்றம் கொண்ட கேமராவுக்கும் உள்ள வேறுபாடு அந்தப் பட்டைகளுக்குள்ளேயே இருக்கிறது.

ஷட்டர் என்றதும் கதவு திறந்து மூடுவதாகத்தான் நினைத்துக்கொள்கிறோம். அதை விட்டுவிட்டு, மரவள்ளிக் காட்டுக்குத் தண்ணீர் கட்டுவதை நினைத்துப் பாருங்கள். வாய்க்கால் ஓரமாக ஒருவர் மண்வெட்டியோடு நடந்து, பாத்தி பாத்தியாக மடையைத் திறந்துகொண்டே போகிறார். இன்னொருவர் அதே வேகத்தில் பின்னால் வந்து அடைத்துக்கொண்டே போகிறார். இருவருக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் ஒரு பாத்திக்குக் கிடைக்கும் தண்ணீரின் அளவு. நடையின் வேகம் மாறாது, இடைவெளி மட்டுமே மாறும்.

எஃப்.எம்.2க்குள் இருப்பவர்கள் இந்த இரண்டு ஆட்கள்தாம்: முன்திரை, பின்திரை. 1982இல் அந்தக் கேமரா வந்தபோது அதன் திரைகள் தேன்கூடு போலச் செதுக்கிய டைட்டானியத் தகடுகள். 1984இல் திருத்தி வந்ததில், 24 மி.மீ. உயரத்தை ஒரு திரை 4 மில்லிநொடிக்குள் கடந்துவிடும். டயலில் 1/4000 நொடி வைத்தால் ஒரு பாத்திக்குக் கிடைப்பது கால் மில்லிநொடி. கணக்குப் போட்டுப் பாருங்கள்: இரு திரைகளுக்கும் நடுவே ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதலான கீற்று ஒன்றுதான் ஃபிலிம்மீது வழித்துக்கொண்டு ஓடுகிறது. ஃபிலிம் முழுவதும் ஒரே கணத்தில் வெளிச்சத்தைப் பார்ப்பதே இல்லை. இதை முதலில் புரிந்துகொண்ட நாளில், ‘ஒரு கணத்தை உறையவைத்த படம்’ என்று நான் எழுதி வந்த சொல்லையே கைவிட்டேன்.

ஃபிளாஷ் என்பது திடீர் மழை. எல்லா மடைகளும் ஒருசேரத் திறந்திருக்கும் வேளையில் பெய்தால்தான் எல்லாப் பாத்தியும் நனையும். முதல் ஆள் கடைசிப் பாத்தியைத் திறந்த பிறகே இரண்டாம் ஆள் அடைக்கத் தொடங்க வேண்டும். ஃபிளாஷுக்கு 1/250 என்ற எல்லை வந்தது அதனால்தான்.

இப்போது மண்டபத்துக்கு வருவோம். எஃப்.எம்.2இன் சாயலில் நிக்கான் 2023இல் வெளியிட்ட இசட்.எஃப்பை எடுத்துக்கொள்கிறேன். இதிலும் இயந்திரத் திரை உண்டு. கூடவே சத்தமில்லா முறையும் உண்டு. அதில் திரைகள் அசையாது, சென்சாரே வரிசை வரிசையாகப் படிக்கப்படும். மேலிருந்து கீழே படித்து முடிக்கச் சுமார் 20 மில்லிநொடி ஆகிறது. அதாவது நம் ஆட்கள் நாலைந்து மடங்கு மெதுவாக நடக்கிறார்கள். நம் மின்சாரத்தில் மலிவான எல்.இ.டி. விளக்கு நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கிறது. தோட்டத்து மோட்டார் நின்று நின்று ஓடுகிற மாதிரி. ஷட்டர் 1/1000 என்றால், மோட்டார் நின்ற வேளையில் திறந்த பாத்திகள் காய்ந்தே கிடக்கும். 20 மில்லிநொடியில் இரண்டு முறை நிற்பதால் இரண்டு பட்டைகள். நண்பரின் கேமராவில் கோளாறு ஒன்றுமில்லை.

மருந்து எளியது. ஒவ்வொரு பாத்தியையும் 10 மில்லிநொடி திறந்து வைத்தால், எந்த நேரத்தில் திறந்தாலும் ஒரு முழுச் சுற்றுத் தண்ணீர் கிடைத்துவிடும். ஆகவே 1/100 அல்லது 1/50. இங்கேதான் பழைய தோற்றம் காலை வாருகிறது. டயலில் பொறித்திருப்பவை 60, 125 என்ற பழைய எண்கள். 100 இல்லை. டயலை ‘மூன்றிலொரு படி’ என்ற இடத்துக்குத் திருப்பி, பின்பக்கச் சக்கரத்தால்தான் 1/100ஐ வைக்க முடியும். அப்படி வைத்தபின் அந்த அழகான டயலைப் பார்த்து வேகத்தைச் சொல்ல முடியாது. துளைத் திறப்பை நாமே வைத்து மற்றதைக் கேமராவிடம் விடும் முறையிலும் அப்படித்தான்: டயல் ஒன்று சொல்லும், கேமரா வேறொன்றைச் செய்யும். எஃப்.எம்.2இன் டயல் பல்சக்கரத்தோடு பிணைந்தது. இசட்.எஃப்பின் டயல் கணிப்பொறிக்கு ஓர் எண்ணைச் சொல்லும் பொத்தான். இதை விளம்பரங்கள் சொல்வதில்லை.

முகூர்த்த நேரத்தில் சத்தமில்லா முறையை வைக்காதீர்கள். கெட்டிமேளம் கொட்டும்போது ஷட்டர் சத்தம் யார் காதிலும் விழாது. தவிர, அந்த முறையில் ஃபிளாஷும் எரியாது.

நாமக்கல்லில் கூண்டு கட்டி முடித்த லாரியை நெடுஞ்சாலையில் ஓடவிட்டுப் படமெடுக்கக் கேட்பார்கள் அல்லவா, அங்கும் இதே கதைதான். மணிக்கு 60 கி.மீ. வேகம் என்றால் 20 மில்லிநொடியில் லாரி 33 செ.மீ. நகர்ந்துவிடும். சட்டத்தை நிறைத்து நிற்கும் லாரியின் கூரை முதலில் பதிவாகி, சக்கரம் கடைசியில் பதிவாகும். புத்தம்புதுக் கூண்டு பின்பக்கம் சாய்ந்ததாகத் தெரியும். கட்டிய ஆசாரி மனம் நோவார். இயந்திரத் திரையில் இந்தச் சாய்வு எட்டு செ.மீ.க்குள் அடங்கிவிடும், கண்ணுக்கு உறுத்தாது. எல்லா வரிசைகளையும் ஒரே கணத்தில் பதியும் முழுச்சட்ட சென்சாரை 2023 இறுதியில் சோனி ஏ9 மூன்றாம் பதிப்பில் அறிவித்தது. இசட்.எஃப்பில் அது இல்லை.

வரலாறு வேண்டுமென்றால் சுருக்கமாக:   ஊட்டி இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ஆலையின் கறுப்பு வெள்ளைச் சுருள்கள் நம் ஸ்டுடியோக்களுக்கெல்லாம் வந்தன. ஆலை மூடிவிட்டது. 2008இல் பானசோனிக் கேமராவுக்குள் லென்ஸுக்குப் பின்னால் இருந்த கண்ணாடியை நீக்கியது, அதுதான் மிரர்லெஸ். 2011இல் ஃபியூஜி எக்ஸ்100 பழைய தோற்றத்தை மறுபடியும் விற்கத் தொடங்கியது.

‘ஃபிலிமின் உயிர்’ திரும்பிவிட்டது என்று சொல்லி விற்கிறார்களே, அதை நம்ப வேண்டாம். இசட்.எஃப்பின் 24.5 மெகாபிக்சல் சென்சாருக்குத் தான் எந்த உடலுக்குள் இருக்கிறோம் என்று தெரியாது. முன்புறம் பிடிமானம் மிகச் சிறிதாக உள்ள 710 கிராம் உடல், கனமான லென்ஸோடு காலை நாலு மணியிலிருந்து பந்தி முடியும்வரை மணிக்கட்டை வலிக்கச் செய்யும். வியூஃபைண்டரில் பார்த்தே எடுத்தால் ஒரு பேட்டரிக்கு நிறுவனத்தின் கணக்கே 400 படத்துக்குக் கீழ். இரண்டாவது அட்டை, நகத்தளவு மைக்ரோ எஸ்.டி., பேட்டரி மூடிக்குள் இருக்கிறது. எஃப்.எம்.2 பேட்டரியே இல்லாமல் சுடும், ஒளிமானிக்கு மட்டும்தான் அதற்கு மின்சாரம் வேண்டும்.

ஆனாலும் இசட்.எஃப்பிடம் நான் மனதார விரும்பும் ஒன்று உண்டு. உங்கள் அப்பாவின் கேமராவில் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் இடையே 46.5 மி.மீ. இருந்தது, நடுவே கண்ணாடி எழும்ப வேண்டுமே. இதில் 16 மி.மீ. போதும். மிச்சமுள்ள 30.5 மி.மீ.ஐ ஒரு வளையத்தால் நிரப்பினால் அந்தப் பழைய லென்ஸ் அப்படியே பொருந்தும், எல்லையில்லாத் தொலைவுவரை தெளிவு கிடைக்கும். கையால் ஃபோகஸ் செய்யும்போதும் கேமரா மணப்பெண்ணின் கண்ணை அடையாளம் கண்டு, ஒரு பொத்தானில் பெரிதாக்கிக் காட்டும். சென்சாரே அசைந்து கைநடுக்கத்தைத் தாங்கும். 40 வருஷத்துக்கு முந்தைய லென்ஸுக்கு அந்த வசதிகள் அன்று கனவிலும் இல்லை.

கடைக்குப் போகும்போது அப்பாவின் லென்ஸையும் எடுத்துப் போங்கள். முதலில் டார்ச் அடித்து உள்ளே பூஞ்சை நூல் ஓடியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கடையின் எல்.இ.டி. விளக்கின் கீழ் நின்று, சத்தமில்லா முறையில் 1/1000இல் ஒன்று, 1/100இல் ஒன்று, இயந்திரத் திரையில் ஒன்று என மூன்று படம் எடுத்து, கேமராவின் பின்பக்கக் காட்சித்திரையில் பெரிதாக்கிப் பாருங்கள்.