போன் நம்பர் யாருடையது?



கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை பற்றிக் கூட்டங்களில் பலமுறை பேசியிருக்கிறோம். இந்த முறை பரிசோதனைக்குப் பிறகு நடப்பதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கத்தில் உள்ள நம் உறுப்பினர் ஒருவர் முகாமில் பரிசோதனை செய்துகொண்டார். "வெள்ளையா தெரியுது, பெரிய ஆஸ்பத்திரியில காட்டணும், கூப்பிடுவோம்" என்றார்கள். கூப்பிட்டும் இருக்கிறார்கள். ஆனால் பதிவில் இருந்தது மகனுடைய பழைய நம்பர். ரீசார்ஜ் செய்யாமல் அந்த சிம் எப்போதோ போய்விட்டது. நான்கு மாதம் கழித்து நாங்கள் தற்செயலாகக் கேட்டபோது, "யாரும் கூப்பிடலையே, அப்போ ஒண்ணும் இல்லைன்னுதானே?" என்றார். அப்படி அர்த்தமில்லை சகோதரிகளே.

நர்ஸ் கர்ப்பப்பை வாயில் வினிகர் போன்ற நீர்த்த அமிலத்தைப் பஞ்சால் தடவி, ஒரு நிமிடம் பொறுத்துப் பார்க்கிறார். மாற்றம் இருந்தால் அந்த இடம் வெளுக்கும். வெளுத்தாலே புற்றுநோய் என்று பயப்பட வேண்டாம். புற்றுநோயாக மாறப் பெரும்பாலும் பல ஆண்டுகள் ஆகும்; அதற்குள் அந்த இடத்தை அகற்றிவிடலாம். அதற்கு கால்போஸ்கோப்பி என்ற அடுத்த சோதனைக்குப் போயாக வேண்டும். திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு இதே சோதனையோடு சிகிச்சையும் கொடுத்தார்கள். 2007-இல் வெளியான முடிவின்படி, சோதனை நடக்காத ஊர்களை விட அங்கே இந்த நோயால் ஏற்படும் மரணம் 35 சதவீதம் குறைவு. சோதனை மட்டும் செய்துவிட்டு விட்டிருந்தால் இது நடந்திருக்காது.

இப்போது நம் விவரங்களை செல்போன் செயலியில் பதிகிறார்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வரும் தன்னார்வலர்கள் பலர் நம்மைப் போன்ற குழுக்களிலிருந்து போனவர்கள்தான். யார் அடுத்த சோதனைக்கு வரவில்லை என்று கம்ப்யூட்டர் பட்டியல் காட்டும். நல்ல வசதிதான். ஆனால் தப்பான நம்பரைக் கொடுத்தால் அதுவும் தப்பான ஆளைத்தான் தேடும்.

ஆகவே உங்கள் சொந்த நம்பரையே கொடுங்கள். கம்பெனிக்குள் போன் அனுமதி இல்லையென்றால் ஷிப்ட் நேரத்தையும் சொல்லி எழுதச் சொல்லுங்கள். வீட்டு ஆண்கள் போனை எடுப்பது சங்கடமென்றால், நீங்கள் சம்மதித்தால் மட்டும், ஊக்குநர் நம்பரை இரண்டாவதாகக் கொடுக்கலாம். ஆபா அட்டையின் 14 இலக்க எண்ணைக் குழு பாஸ்புக்கின் பின்னட்டையில் குறித்து வையுங்கள். பரிசோதனைச் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரு மாதத்தில் அழைப்பு வரவில்லையா, சீட்டோடு நீங்களே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்க் கேளுங்கள்.

அந்தச் சகோதரி பிறகு ஊக்குநரோடு போய் கால்போஸ்கோப்பி செய்துகொண்டார். ஆரம்ப நிலை மாற்றம்தான், சிகிச்சை முடிந்தது. புது நம்பரையும் பதிந்துவிட்டார். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது, கடைசியாக எந்த நம்பரைக் கொடுத்தோம் என்று ஒவ்வொருவரும் யோசித்துக்கொண்டு வாருங்கள்.