தெருவைப் படித்த பிள்ளைகள்

2011 மார்ச் 11, பிற்பகல் 2.46. ஜப்பானின் கமைஷி நகரம் குலுங்கியது. கரண்ட் போனதால் உனோசுமாய் பகுதிப் பள்ளியின் ஒலிபெருக்கி பேசவில்லை. அங்கே படித்தவர்கள் நம் கணக்கில் ஏழு முதல் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள். அறிவிப்புக்குக் காத்திராமல் மேட்டைப் பார்த்து ஓடினார்கள். பக்கத்துத் தொடக்கப்பள்ளிக் குழந்தைகளை மூன்றாவது தளத்துக்கு ஏற்றியிருந்தார்கள். அண்ணன்களும் அக்காள்களும் ஓடுவதைக் கண்டு அவர்களும் இறங்கி ஓடினார்கள்.

முதலில் போய் நின்ற இடத்துக்குப் பின்னால் மலைச்சரிவு சரிந்து கிடந்தது. இது ஆகாது என்று, சின்னப் பிள்ளைகளின் கையைப் பிடித்தபடி இன்னும் மேலே ஏறினார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்கள் முதலில் நின்ற இடத்தையும் இரண்டு பள்ளிகளையும் கடல் மூடியது. ஓடிய சுமார் 570 பிள்ளைகளும் பிழைத்தார்கள்.

அந்தப் பள்ளிகள் இரண்டும் அரசு வரைபடத்தில் சுனாமி எட்டாத பகுதியில்தான் இருந்தன! பேராசிரியர் தொஷிதாகா கதாதா அந்த ஊர்ப் பள்ளிகளுக்குப் பல ஆண்டுகள் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே, வரைபடத்தை அப்படியே நம்பிவிடாதே என்பதுதான். பிள்ளைகள் பிழைத்ததை உலகம் அதிசயம் என்றது. எனக்கு அந்தச் சொல் உவப்பில்லை. அது பிள்ளைகளின் உழைப்பை மறைத்துவிடுகிறது.

பள்ளியிலிருந்து வீடுவரை நடந்து பார்த்து, எங்கே மேடு, எங்கே ஒதுங்கலாம் என்று தங்கள் கையாலேயே வரைந்தவர்கள் அவர்கள். வீடுவீடாகப் போய் ஓர் அட்டையும் கொடுத்தார்கள். வீட்டார் தப்பிப் போகும்போது வாசலில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். பார்த்தவர்கள், உள்ளே ஆள் இல்லை என்று அடுத்த வீட்டுக்குப் போய்விடலாம். தேடி வருகிறவரின் உயிரையும் நினைத்த பாடம் அது.

நம் ஒன்பதாம் வகுப்புச் சமூக அறிவியலிலும் பேரிடர் மேலாண்மை இருக்கிறது. மனப்பாடம் செய்து எழுதினால் மதிப்பெண் வரும். 2004 சுனாமியில் ஆயிரக்கணக்கானோரை இழந்த நாகப்பட்டினத்திலும், 2023 டிசம்பரில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய காயல்பட்டினத்திலும் அதே பாடம்தான். அங்கே ஒரு வகுப்பைத் தெருவில் இறக்கி நடத்தினால் என்ன? தண்ணீர் எந்தச் சுவரில் எவ்வளவு உயரம் நின்றது, முதலில் முழுகும் சந்து எது, யார் வீட்டில் நடக்க முடியாத ஆச்சி இருக்கிறார், அவரைத் தூக்க எத்தனை பேர் வேண்டும் என்று பிள்ளைகளே கேட்டு எழுதட்டும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண்ணை ஒவ்வொரு வீட்டுக் கதவின் உள்பக்கமும் அவர்களே ஒட்டட்டும். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன், ஆச்சியை நாற்காலியில் வைத்து மேட்டுத்தெரு வரை ஒருமுறை தூக்கிக்கொண்டு போய் எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்க்கட்டும்.