கோட்டை காத்த சிங்கம்!

யுனெஸ்கோ 2025-ம் ஆண்டு உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த செஞ்சிக் கோட்டையை, 1690-ல் முகலாயத் தளபதி சுல்பிகர் கான் முற்றுகையிட்டான். கோட்டைக்குள் இருந்தவர் சிவாஜியின் மகன் ராஜாராம். கோட்டை விழுந்தது 1698-ல்! இத்தனை ஆண்டுகள் மதிலில் நின்று காவல் காத்த வீரர்களின் பெயர் யாருக்குத் தெரியும்? செஞ்சி, வல்லம் மக்களைக் கேட்டாலும் எத்தனை பேரைச் சொல்வார்கள்?

கால்பந்தாட்டத்திலும் இதே கதைதான். கோல் போடுகிறவருக்கு மாலை விழும். கோல் விழாமல் தடுப்பவர் ஒரு முறை தவறினால் வசவு விழும்!

இந்த வழக்கத்தை மாற்றிய இந்திய வீரர் ஒருவர் உண்டு. அவர் பெயர் ஜர்னைல் சிங்.

பெயரே தளபதி

பஞ்சாபி மொழியில் 'ஜர்னைல்' என்றால் தளபதி. பெயருக்கு ஏற்ற மனிதர்! 1936-ல் பிறந்த அவர், 1959-ல் கல்கத்தாவின் புகழ் பெற்ற மோகன் பகான் அணியில் சேர்ந்தார். அப்போது வயது 23. மறு ஆண்டே ரோம் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ஆடினார். பந்துடன் பாய்ந்து வரும் எதிரியை மறிப்பதே அவர் வேலை. அதில் அவர் மலைபோல் நின்றார்.

தலையில் காயம்

1962-ல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் இந்தியா 0-2 என்று தோற்றது. தாய்லாந்தை 4-1 என்றும், ஜப்பானை 2-0 என்றும் வென்று தலை நிமிர்ந்தது. ஆனால் தாய்லாந்து ஆட்டத்தில் ஜர்னைலின் தலையில் பலத்த காயம். தையல் போட வேண்டியதாயிற்று.

தலையால் பந்தைத் தடுக்க முடியாதவரைப் பின்னால் நிறுத்துவது எப்படி? பயிற்சியாளர் சையது அப்துல் ரஹீம் யாரும் எதிர்பாராத முடிவு எடுத்தார். தடுப்பு வீரரை முன்வரிசைக்கு அனுப்பினார்! அரை இறுதியில் தென் வியட்நாமுக்கு எதிராக ஜர்னைல் ஒரு கோல் போட்டார். இந்தியா 3-2 என்று வென்றது.

செப்டம்பர் 4-ந் தேதி இறுதி ஆட்டம். எதிரே மீண்டும் தென்கொரியா! இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் அனுமதி மறுக்கப்பட்டதை இந்திய அதிகாரி சோந்தி கண்டித்திருந்ததால், கூட்டம் இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட்டது. அந்த இரைச்சலிலும் பி.கே. பானர்ஜி ஒரு கோல் போட்டார். தலைக் காயத்துடன் ஜர்னைல் இன்னொன்று போட்டார். 2-1! தங்கப் பதக்கம் இந்தியாவுக்கு!

நான்காவது விருது

மத்திய அரசின் அர்ஜுனா விருது 1961-ல் தொடங்கியது. கால்பந்துக்கான முதல் மூன்று விருதுகளும் பி.கே. பானர்ஜி, பலராமன், சுனி கோஸ்வாமி ஆகியோருக்குப் போயின. மூவரும் முன்வரிசைக்காரர்கள்! 1964-ல்தான் ஒரு தடுப்பு வீரருக்குக் கிடைத்தது. அவர் ஜர்னைல் சிங். 1966-ல் ஆசிய நட்சத்திர அணிக்கே அவர் தலைவரானார். 2000-ம் ஆண்டு கனடாவில் காலமானார்.

ஜகார்த்தாவில் ஜர்னைல் முன்னே போனபோது, பின்னே காவல் நின்றவர்களில் ஒருவர் அருண் கோஷ். இறுதி ஆட்டத்தில் கோலைக் காத்தவர் பீட்டர் தங்கராஜ். கோஷுக்கு 1965-லும், தங்கராஜுக்கு 1967-லும் அதே விருது வந்தது. ஒரு காவல்காரருக்குத் திறந்த கதவு மற்றவர்களுக்கும் வழி விட்டது!