இருளும் மின்சாரமும்

ஜிப்சம் பலகைகளால் அமைந்த உட்கூரையில் சிறு வட்டங்களாகப் பதிக்கப்பட்ட எல்.இ.டி. விளக்குகளை இன்று பல வீடுகளில் காணலாம். அவற்றுள் ஒன்று ஒளிராதபோது, ‘விளக்கு கெட்டுவிட்டது’ என உடனே முடிவு செய்வது பலரின் வழக்கம். கண்ணுக்குப் புலப்படுவது விளக்கு மட்டுமே. அதனை இயக்கும் கருவியும் கம்பிகளும் கூரைக்குள் மறைந்துள்ளன. எனவே, குறையைக் கண்டறிய முறையான சிந்தனை தேவைப்படுகிறது.

எத்தனை விளக்குகள் அணைந்தன?

முதலில் எழுப்ப வேண்டிய வினா இதுவே. வீட்டு விளக்குகள் பக்க இணைப்பில் அமைந்தவை. ஒன்று அணைந்தாலும் மற்றவை எரியும். ஆகவே, ஒரு விளக்கு மட்டும் அணைந்திருப்பின் குறை அவ்விளக்கிலோ அதற்குரிய இணைப்பிலோ இருக்கும். ஓர் அறையின் விளக்குகள் அனைத்தும் அணைந்திருப்பின், அவற்றுக்குப் பொதுவான சுவிட்ச், கம்பி, எம்.சி.பி. எனப்படும் தானியங்கி மின்துண்டிப்பான் ஆகியவற்றை ஆராய வேண்டும். எம்.சி.பி. கீழிறங்கியிருந்தால் ஒருமுறை மேலேற்றிப் பார்க்கலாம். மீண்டும் இறங்கினால் அது எச்சரிக்கை. வலிந்து ஏற்றுதல் கூடாது.

வெப்பம் என்னும் பகை

வீட்டிற்கு வருவது 230 வோல்ட் மாறுதிசை மின்னோட்டம். எல்.இ.டி.க்குத் தேவையானதோ நேர்த்திசை மின்னோட்டம். இம்மாற்றத்தைச் செய்யும் கருவியே ‘டிரைவர்’. காற்றோட்டமற்ற உட்கூரையில் தேங்கும் வெப்பத்தால், டிரைவரின் மின்தேக்கியிலுள்ள மின்பகுளி நாளடைவில் வறண்டுபோகும். விளக்கு முதலில் சிமிட்டும், பின்னர் அணையும். டிரைவர் தனியே அமைந்த விளக்குகளில், அதே அளவீடுகள் கொண்ட புதிய டிரைவரைப் பொருத்தினாலே ஒளி மீளக்கூடும்.

இருள் பாதுகாப்பன்று

விளக்கு எரியவில்லை என்பதாலேயே கம்பியில் மின்சாரம் இல்லை என்று கருதுதல் உயிருக்கே ஆபத்தாகும். நியூட்ரல் கம்பி அறுந்தால் விளக்கு அணையும். ஆயினும் பேஸ் கம்பியில் மின்னழுத்தம் நீடிக்கும். சுவிட்சை நியூட்ரல் கம்பியில் தவறாக இணைத்த வீடுகளில், அதனை அணைத்த பின்னரும் விளக்கின் முனையில் மின்சாரம் இருக்கும். இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில், முதன்மை சுவிட்சை நிறுத்திய பின்னும் விளக்குகளுக்கு மின்சாரம் வரக்கூடும்.

ஆதலின், பழுதுபார்க்கும் பணியைப் பகலொளியில் மேற்கொள்வது நன்று. முதன்மை சுவிட்ச், இன்வெர்ட்டர் ஆகிய இரண்டையும் நிறுத்தி, வீட்டிலுள்ளோர்க்கும் அதனைத் தெரிவித்தல் வேண்டும். டெஸ்டர் பழுதானதாக இருப்பின், மின்சாரமுள்ள கம்பியிலும் அது ஒளிராது. எனவே, மின்சாரத்தை நிறுத்துமுன் மின்சாரமுள்ள ஓரிடத்தில் அதனைச் சோதித்துக்கொள்ள வேண்டும். கருகிய நாற்றம், உருகிய கம்பி, கூரையில் நீர்க்கசிவு ஆகியவை தென்பட்டால், தாமே முயலாது தேர்ந்த மின்பணியாளரை அழைத்தலே தக்கது.

காரணத்தை வரிசையாகத் தேடுவோர் வீண்செலவைத் தவிர்ப்பர். இருளை நம்பிக் கம்பியைத் தொடாதோர் உயிரைக் காப்பர்.